அவர் எதற்குக் கை தூக்கினார்?

மார்ச் 4

சின்னவளுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபோனை அணைத்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். நீ கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருப்பாய். மாடி வீட்டுக்காரியையும் கூப்பிட்டாயாம். அவள் கீழே வந்து, "உன் தங்கச்சி அழுறா, ஒரு வார்த்தை பேசு" என்றாள். "அழுதா அழட்டும், எனக்குத் துவைக்கிற வேலை இருக்கு" என்று கதவைச் சாத்தினேன். துவைக்க ஒன்றும் இல்லை. ஒரு ஆள் துணி எவ்வளவு இருக்கும்?

ஃபோனைப் பார்த்தாலே உன் கைதான் கண்முன் வருகிறது. அதனால் இனிமேல் ஃபோனில் பேச்சு இல்லை. சொல்ல இருந்தால் எழுது. நான் ஐந்தாவது வரை படித்தவள். பிழை இருக்கும். பொறுத்துக்கொள், பொறுக்காவிட்டாலும் போ.

அன்றைக்கு மருந்து வாங்கக் கீழே போய்விட்டு வந்தேன். வார்டு கதவைத் தள்ளும்போதே பார்த்தேன். உன் மாமா கையைத் தூக்கினார். பக்கத்தில் ஒரு நர்ஸ் கிடையாது. எதிரே தூண் ஓரமாக நாற்காலி போட்டு நீ உட்கார்ந்திருந்தாய், கையில் ஃபோனோடு. அவரைப் பார்த்தாய். குனிந்தாய். ஃபோனில் எதையோ அமுக்கினாய். எழுந்திருக்கவில்லை.

நான் ஓடி வருவதற்குள் கை கட்டிலில் விழுந்துவிட்டது. "என்னங்க வேணும்?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் காலையில் அவர் இல்லை.

உன்னை நர்ஸ் படிக்கவைத்தபோது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாரே, "எங்க வீட்டு டாக்டரம்மா" என்று. அந்த டாக்டரம்மா எட்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு ஒன்று மட்டும் தெரியவேண்டும். அவர் எதற்குக் கை தூக்கினார்? தண்ணீரா? வலியா? முதுகைத் திருப்பிப் போடவா? நீ பார்த்தாய். நீதான் சொல்லவேண்டும். வேறு எதுவும் எழுதாதே.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

வேறு எதுவும் எழுதாதே என்றாய். ஆனால் நான் அங்கே எதற்காக உட்கார்ந்திருந்தேன் என்பதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. பொறுமையாகப் படி.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஃபோனில் ஒரு செயலி வைத்து அளக்கிறோம். மருந்து நேரத்துக்குக் கொடுத்தார்களா, ஊசி சரியாகப் போட்டார்களா என்பதை அல்ல. நோயாளியை நோயாகப் பார்க்காமல் ஒரு மனிதராகப் பார்க்கிறோமா என்பதை. சில கேள்விகள் கேட்டு, சிரிக்கிற முகம், அழுகிற முகம் என்று படங்களைக் காட்டித் தொடச் சொல்வோம். இன்னொரு பகுதி, வேறு வார்டு நர்ஸ் ஒருவர் வந்து அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து கவனிப்பது. ஃபோன் அவ்வப்போது அதிரும். அதிரும்போது நோயாளிகளுக்குப் பக்கத்தில் நர்ஸ் இருக்கிறாரா இல்லையா என்று குறிக்கவேண்டும். உட்காருகிறவர் வேலை செய்யக்கூடாது, பேசக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் எழலாம். இல்லாவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

அந்த வார்டை நான்தான் கேட்டு வாங்கினேன், அக்கா. என் ட்யூட்டிக்கு நடுவில் மாமாவைப் பார்க்கும்படி உட்கார அந்த அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்று. "சொந்தக்காரரைப் பாக்கவா வந்தே?" என்று யாரும் கேட்டுவிடக்கூடாதே என்று விதியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கை தூக்கினார். முகம் சுளிக்கவில்லை, மூச்சு திணறவில்லை. கை தலைக்குப் பக்கமாகப் போனது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சல்யூட். நான் யூனிஃபார்மோடு வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலில் நின்று அடிப்பாரே, "டாக்டரம்மா வர்றாங்க, எல்லாரும் ஒதுங்குங்க" என்று. சிரிப்பு வந்துவிடும் என்றுதான் குனிந்தேன். குனிந்த நேரத்தில் ஃபோன் அதிர்ந்தது. "பக்கத்தில் யாரும் இல்லை" என்று குறித்தேன். அது உண்மை.

அவர் நுரையீரலில் அத்தனை வருட மரத்தூள். நான் எழுந்து போயிருந்தாலும் மறுநாள் காலை மாறியிருக்காது.

தங்கை


மார்ச் 19

சின்னவளுக்கு,

மறுநாள் காலை மாறியிருக்காது. சரி. முந்தின நாள் மதியம் மாறியிருக்குமே. அதைத்தானே கேட்டேன்.

சல்யூட்டாம். மூக்கில் குழாய், கையில் ஊசி, நெஞ்சு ஏறி ஏறி இறங்குகிறது, அந்த மனுஷன் உனக்கு சல்யூட் அடித்தாராம். உனக்குச் சிரிப்பு வந்ததாம். இதை எழுத உனக்குக் கை எப்படி வந்தது?

மனிதராகப் பார்க்கிறோமா என்று அளக்க ஒரு ஃபோன். நான் பட்டன் தைக்கிற கடையில் டேப் வைத்து அளக்கிறோம். அளந்து முடித்துத் துணியைத் தைக்கவேண்டும். அளந்துகொண்டே இருந்தால் சட்டை வருமா?

அந்தக் கேள்வி கேட்கிற கூத்தையும் நான் பார்த்தேன். நெட்டைச் சிஸ்டர் ஒருத்தி வருவாளே, நல்ல பெண்தான், நான் அவளைக் குறை சொல்லவில்லை. வந்து கட்டில் பக்கத்தில் நின்று ஃபோனை நீட்டுவாள். "ஐயா, உங்களுக்கு எது முக்கியம்னு எங்களுக்குத் தெரியுதாய்யா?" அவர் அவளைப் பார்ப்பார். என்னைப் பார்ப்பார். தலையாட்டுவார். "ஆமாவா, இல்லையாய்யா?" அதற்கும் தலையாட்டுவார். "பரவாயில்லம்மா, தூங்கட்டும்" என்று எதையோ அமுக்கிவிட்டுப் போவாள். கண்ணை முழித்துக்கொண்டு இருக்கிற ஆளைத் தூங்கட்டும் என்கிறாள்!

பெரிய டாக்டர் வந்து அவர்கிட்டே ஏதோ கேட்டார். இவர் அதற்கும் தலையாட்டினார். டாக்டர் என்னிடம் திரும்பி, "நினைவு தடுமாறுதும்மா, வயசாச்சு இல்லையா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலமெல்லாம் ரம்பத்துக்கு முன்னால் நின்று பத்து விரலோடு வீட்டுக்கு வந்தவர். நினைவு தடுமாறுகிற ஆளுக்கு விரல் மிஞ்சுமா? அதைச் சொல்லவேண்டும் என்று வாய்வரை வந்தது. பெரிய டாக்டரிடம் என்ன பேசுவது என்று விட்டுவிட்டேன்.

உன் துணி மூட்டை ஒன்று இங்கே கிடக்கிறது. நான் கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்து வந்து எடுத்துக்கொண்டு போ. சாவி மாடி வீட்டில் இருக்கும்.

அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

மூட்டையை எடுக்க நான் வரவில்லை. அது அங்கேயே இருக்கட்டும்.

உன் கடிதத்தில் ஒரு வரியை விட்டு என்னால் நகரமுடியவில்லை. அதற்கும் இதற்கும் தலையாட்டினார் என்று எழுதியிருக்கிறாயே, அது. நான் நெட்டைச் சிஸ்டரைத் தேடிப் போனேன். அவள் சாப்பாட்டு அறையில் இருந்தாள். மாமாவைப் பற்றிக் கேட்டதும் டப்பாவை மூடிவிட்டாள்.

"அவர்கிட்ட நான் கேட்டப்பல்லாம் 'பதில் இல்லை'ன்னுதான் போடவேண்டியிருந்துச்சு சிஸ்டர். ஒரே ஒரு நாள்தான் பதில் சொன்னார். ஸ்கேனுக்குக் கொண்டுபோறப்ப வராண்டாவில வண்டியை நிறுத்திவெச்சுட்டாங்க. சும்மா நிக்கிறோமேன்னு ஃபோனை எடுத்தேன். டக்கு டக்குன்னு சொல்றார்! அவரே விரலை வெச்சுத் தொடுறார். நான் அசந்துட்டேன். ஒரு கேள்விக்கு மட்டும் அழுற முகத்தைத் தொட்டுட்டுச் சிரிச்சார். கை தவறிடுச்சு போலன்னு நெனச்சேன்."

"எந்தக் கேள்வி?"

"நர்சுங்க உங்களுக்குப் புரியுற மாதிரி பேசுறாங்களா, அது."

"நீ வண்டிக்கு எந்தப் பக்கம் நின்னே?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் எழுந்து, கையை முன்னால் நீட்டி வண்டியைத் தள்ளுகிற மாதிரி வைத்துக்கொண்டு, இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். "அவருக்கு வலது பக்கம் சிஸ்டர். இடது பக்கம் செவுரு."

நான் வார்டுக்குப் போனேன். அந்தக் கட்டிலில் இப்போது வேறு ஒருவர் படுத்திருக்கிறார். படுத்திருக்கிறவருக்கு வலது பக்கம் கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. நாற்காலி, மருந்து மேஜை, எல்லாமே இடது பக்கம். நர்ஸ் நிற்பது அங்கே. டாக்டர் நிற்பது அங்கே. எல்லார் வாயிலும் மாஸ்க்.

அக்கா, மாமாவுக்கு இடது காது கேட்காது என்று நீ யாரிடமாவது சொன்னாயா?

நான் சொல்லவில்லை.

தங்கை


ஏப்ரல் 11

சின்னவளே,

நான் சொல்லவில்லை.

கடிதம் வந்த அன்றைக்கு முழுக்க அடுப்பு பற்றவைக்கவில்லை. மாடி வீட்டுக்காரி ஏதோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பட்டன் கடைக்கும் போகவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பை கட்டியது நான்தான். அவர் கண்ணாடியை எடுத்துவைத்தேன். பல் செட்டை டப்பாவோடு வைத்தேன். செருப்பு, துண்டு, குளிருக்குச் சட்டை. "எல்லாம் எடுத்தாச்சா, ஒருதரம் பாரு" என்றார். பார்த்தேன். காதைத்தான் எடுத்துவைக்கவில்லை.

அது நமக்கு ஒரு வியாதியாகவே தெரியாமல் போய்விட்டதே. ரம்பம் இருந்தது அவர் இடது பக்கம். அந்தக் காது எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. தெரிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "வெளிய யாருக்கும் தெரியக்கூடாது. காது கேக்காதுன்னா முதலாளி மெஷின்கிட்ட நிக்க விடமாட்டான்." அதிலிருந்து நாமும் வாயைத் திறக்கவில்லை. நீ பாவாடை கட்டிக்கொண்டு திரிந்த வயசில் உனக்கே சொல்லிக் கொடுத்தேன், "மாமாகூட நடக்கும்போது இந்தப் பக்கமா வா" என்று. ஏன் என்று நீ கேட்டாய். "கேக்காதே, வா" என்றேன். மில்லை விட்டு நின்றபிறகாவது சொல்லியிருக்கலாம். யாரிடம் மறைக்கிறோம் என்றே தெரியாமல் மறைத்துக்கொண்டே இருந்தோம்.

வார்டில் ஒருதடவை எனக்குத் தோன்றியது. இல்லை என்று சொன்னால் பொய். அந்த நெட்டைச் சிஸ்டரிடம் சொல்லலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அப்புறம் நினைத்தேன், தங்கச்சி இங்கேயேதானே வேலை செய்கிறாள், அவளுக்குத் தெரியாததா, எப்போதோ சொல்லியிருப்பாள் என்று. நீ என்ன நினைத்தாய் என்று எனக்குத் தெரியும். அக்கா ராத்திரி பகலாகப் பக்கத்தில் இருக்கிறாள், அவள் சொல்லாமலா இருப்பாள் என்று நினைத்திருப்பாய்.

நீ கேட்காமலே ஒன்று சொல்கிறேன். கதவைத் தள்ளும்போது நான் பார்த்தது வலது கை. காதுவரைக்கும் போனது. விரலால் இரண்டு தட்டு தட்டினார். வீட்டில் நாம் தெரியாமல் கேட்காத பக்கம் உட்கார்ந்துவிட்டால் தட்டுவாரே, அதே தட்டு. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. என் கண் உன் கையில் இருந்த ஃபோன் மேலேயே இருந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் பேனாவை மூடி மூடித் திறந்தேன்.

அன்று சாயங்காலம் நீ ட்யூட்டி முடிந்து போனபிறகு, அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன். நாங்கள் அப்படிப் பேசிக்கொள்கிற ஆட்கள் இல்லை, உனக்கே தெரியும். உப்பு கம்மி, விளக்கை அணை, கதவைத் தாழ்போட்டியா, இதுதான் எங்கள் பேச்சு. அன்றைக்கு என்னவோ மனசு சொன்னது. காதுக்கிட்டே போய், "நீங்க எனக்குக் கிடைச்சதே போதும்ங்க. வேற ஒண்ணும் எனக்கு வேண்டியதில்ல" என்றேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கேட்டுக்கொண்டார் என்று நினைத்தேன். அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் எழுந்து நடமாடினேன்.

நாற்காலி எந்தப் பக்கம் இருந்தது என்று நீ எழுதிவிட்டாய்.

அக்கா


ஏப்ரல் 25

அக்கா,

மூன்று தாள் எழுதிக் கிழித்தேன்.

காது கேட்காவிட்டாலும் உன் முகத்தைப் பார்த்து மாமா புரிந்துகொண்டிருப்பார் என்று முதலில் எழுதினேன். அப்புறம் ஞாபகம் வந்தது, நீ மாஸ்க் போட்டிருந்தாய். நான்தான் உனக்குக் கட்டிவிட்டேன், "கழட்டாதே அக்கா, சிஸ்டர் திட்டுவாங்க" என்று. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். உன்னிடம் பொய் சொல்லி ஆறுதல் சொல்ல எனக்கு வரவில்லை.

போன வாரம் எங்கள் அளவைப் பற்றிக் கூட்டம் நடந்தது. சுவரில் பெரிதாகக் கணக்கைக் காட்டினார்கள். அந்த வார்டில் அந்த மதியம், "பக்கத்தில் யாரும் இல்லை" என்று வரிசையாக விழுந்திருந்தது. அதைக் காட்டித்தான் மதியத்துக்கு இன்னொரு நர்ஸ் கேட்டிருக்கிறார்கள். கிடைக்கலாம். எல்லாரும் நல்ல கணக்கு, நேர்மையான கணக்கு என்றார்கள். நான் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் இல்லை, யாரும் இல்லை. நான் அங்கேதானே இருந்தேன், அக்கா? நானும் நர்ஸ்தான். அளக்கிறவள் கணக்கில் வரமாட்டாள், அது விதி. ஆனால் மாமா என்னைக் கணக்கில் வைத்திருந்தார். அதனால்தான் என்னைப் பார்த்துத் தட்டினார். வேறு யாரைப் பார்த்துத் தட்டினாலும் புரியாது என்று அவருக்குத் தெரியும்.

கூட்டத்தில் எழுந்து கேட்டேன். எந்தப் பக்கம் நின்று பேசவேண்டும் என்று ஒரு கேள்வி சேர்க்கமுடியுமா என்று. முடியாதாம். எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே கேள்விகள், மாற்றினால் ஒப்பிட முடியாது என்றார்கள். "ஆனா 'பதில் இல்லை'ன்னு போடுறதுக்கு முன்னாடி ஏன் இல்லைன்னு பார்க்கணும்" என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள்.

கட்டிலை நகர்த்த யாரையும் கேட்கவேண்டியதில்லை. நானும் நெட்டைச் சிஸ்டரும் அன்றைக்கே சுவரிலிருந்து தள்ளிப் போட்டோம். ஒரு ஆள் நிற்கிற இடம். பெருக்குகிற அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார். "இந்தச் சந்துக்குள்ள நான் எப்படிப் பூந்து பெருக்குறது? என்னைப் பாத்தா ஊதுவத்தி மாதிரியா இருக்கு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா போனபிறகு முதல் தடவை. உடனே வெளியே போய்விட்டேன்.

இனி நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதப் போவதில்லை. கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்லவேண்டி வரும். அந்தப் பாரத்தை உன் மேல் போடமாட்டேன். ஒரு நாள் வந்து போகட்டுமா என்று மட்டும் கேட்கிறேன். மூட்டைக்காக அல்ல.

தங்கை


மே 2

சின்னவளே,

மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். பேனா போகவில்லை. உன்னை மன்னிக்கவில்லை என்று எழுதப் பார்த்தேன், அதற்கும் போகவில்லை. நீ எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்காத பக்கம் பேசினேன். இதில் யார் யாரை மன்னிக்கிறது?

நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர் தண்ணீர் கேட்கவில்லை. மருந்து கேட்கவில்லை. இந்தப் பக்கம் வாங்க என்று கேட்டார். எழுந்து நாலு எட்டு வைக்கிற விஷயம். அதற்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை, இரண்டு பேர் இருந்தும்.

நான் சொன்னதை அவர் கேட்கவில்லை என்று தெரிந்தபிறகு, ராத்திரி படுக்கும்போது அவர் தலையணைக்கு வலது பக்கமாகப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். அங்கே கேட்க யார் இருக்கிறார்கள்? எனக்கே வெட்கமாகிப் போய் எழுந்துவிட்டேன். மாடி வீட்டுக்காரிக்குச் சொல்லிவிடாதே, பைத்தியம் என்று நினைப்பாள்.

உன் மூட்டையைப் பிரித்து எல்லாத்தையும் வெயிலில் போட்டு மடித்து வைத்திருக்கிறேன். உன் பழைய யூனிஃபார்ம் ஒன்றில் பட்டன் போயிருந்தது. தைத்துவிட்டேன். ஃபோனையும் எடுத்து சார்ஜ் போட்டேன். ஆனால் கூப்பிடாதே. கிளம்பி வா.

நேற்று சாமான் வாங்கப் போனேன். பின்னாலிருந்து சைக்கிள்காரன் ஒருவன் மணி அடித்து அடித்து அலுத்துப்போய்ச் சத்தம் போட்டான். "ஏம்மா, அவ்ளோ எடம் கெடக்கு, நடு ரோட்டுல போறியே, ஓரமா போகமாட்டியா?" குனிந்து பார்த்தேன். ஓரத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டு வந்திருக்கிறேன். அவருடைய கேட்கிற காதுப் பக்கம் நான் நடந்தால் அவர் எனக்கு இடது பக்கம்தானே வருவார். கால் இன்னும் அந்தக் கணக்கிலேயே போகிறது.

பஸ் நிற்கிற இடத்துக்கு நான் வந்து நிற்கிறேன். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு வலது பக்கமாக வா. இடது பக்கம் ஆள் இருக்கிறது.

அக்கா